27 மெகாஹெர்ட்ஸ்ல க்ளாஸ்-ஈ கன்வெர்ட்டர் டிசைன் பண்றது எப்படி? காயில்ல இருந்து ஆரம்பிக்கலாம்

100 கிலோஹெர்ட்ஸ் பக், ஃப்ளைபேக் எல்லாம் பண்ணி கை பழகினவங்க 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்தா முதல்ல தேடுறது நல்ல ஃபெட்டைத்தான் (ஸ்விட்ச்சா வேலை செய்யற டிரான்சிஸ்டர்), ஆர்டிஎஸ்-ஆன், அதாவது ஆன்ல இருக்கும்போது அதோட ரெசிஸ்டன்ஸ், எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லதுன்னு டிஸ்ட்ரிப்யூட்டர் சைட்ல ஃபில்டர் போட்டு உக்காந்திருவாங்க. இந்த ஃப்ரீக்வன்ஸில அந்த வழில போனா கண்டிப்பா மாட்டிப்பீங்க. ஃபெட்டோட ஆன் ரெசிஸ்டன்ஸ்ல போற வாட்ஸ விட காயில்ல போறதுதான் அதிகம், அப்புறம் ஃபெட்டோட அவுட்புட் கெப்பாசிட்டன்ஸ் உங்க சர்க்யூட்டுக்குள்ள அடங்குதா இல்லையாங்கறதுதான் அடுத்த கேள்வி, ஆர்டிஎஸ்-ஆன் இதுக்கெல்லாம் பின்னாடி வர்ற விஷயம். அந்த வரிசையிலயே ஒரு டிசைனை இங்க நம்பரோட போட்டுக் காட்டுறேன்: 20 வோல்ட் டிசி இன்புட், 20 வாட் ஆர்எஃப் அவுட்புட், 27.12 மெகாஹெர்ட்ஸ், 50 ஓம் லோடு.

ஏன் சாஃப்ட் ஸ்விட்ச்சிங் (வோல்டேஜ் ஜீரோவா இருக்கும்போது மட்டும் ஃபெட்டை ஆன் பண்றது) இல்லாம முடியாதுன்னு ஒரு சின்ன கணக்கு. ஃபெட்டோட அவுட்புட் கெப்பாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட், அது 100 வோல்ட்ல சார்ஜ் ஆகி இருக்கும்போது நீங்க ஆன் பண்றீங்கன்னு வைங்க, உள்ள இருக்கற 0.5 மைக்ரோஜூல் மொத்தமும் சேனல்ல ஹீட்டா போயிடும். 100 கிலோஹெர்ட்ஸ்ல இது 0.05 வாட், யாரும் கவலைப்பட மாட்டாங்க. அதே ஃபெட் 27.12 மெகாஹெர்ட்ஸ்ல 13.5 வாட். 20 வாட் வெளிய எடுக்கற சர்க்யூட்ல 13.5 வாட் ஃபெட்லயே போச்சுன்னா அது கன்வெர்ட்டர் இல்ல, ஹீட்டர். அதனால ஆன் பண்றதுக்கு முன்னாடியே டிரெயின் வோல்டேஜ் தானா ஜீரோவுக்கு வந்திருக்கணும், அந்த சார்ஜை காயில் இழுத்து லோடு பக்கம் கொண்டு போயிருக்கணும். ஓடுற பஸ்ல இருந்து குதிக்காம பஸ் நின்ன பிறகு இறங்குற மாதிரிதான். க்ளாஸ்-ஈங்கற சர்க்யூட் வகை இன்னும் ஒரு படி மேல போய், வோல்டேஜ் ஜீரோ ஆகுறது மட்டும் இல்லாம அந்த நேரத்துல அதோட சரிவும் ஜீரோவா இருக்கணும்னு கேக்கும், அதனால டைமிங் ஒரு நானோசெகண்ட் முன்ன பின்ன ஆனாலும் பெரிய நஷ்டம் இல்ல. 27.12 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு முழு சைக்கிளே 37 நானோசெகண்ட்தான்ங்கறத நினைச்சுப் பாத்தா இந்த சலுகை எவ்ளோ பெருசுன்னு புரியும்.

நேத்தன் சோகலும் ஆலன் சோகலும் 1975ல இந்த க்ளாஸ்-ஈயை பேப்பரா போட்டாங்க. அப்புறம் நேத்தன் சோகல் கொடுத்த டிசைன் ஃபார்முலாக்களைத்தான் இன்னிக்கும் எல்லாரும் யூஸ் பண்றாங்க, கீழ நான் போடுற நம்பர்ஸும் அதுல இருந்து வந்ததுதான். சர்க்யூட் ரொம்ப சிம்பிள்: சப்ளைல இருந்து ஒரு சோக் (டிசியை விட்டு ஆர்எஃபைத் தடுக்கற பெரிய காயில்) வழியா டிரெயினுக்கு கரண்ட், டிரெயினுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர், இத சி1ன்னு சொல்லிக்கலாம், டிரெயின்ல இருந்து லோடுக்கு சீரிஸா ஒரு காயிலும் இன்னொரு கெப்பாசிட்டரும், இது எல்2, சி2. அவ்ளோதான். கிரவுண்டைப் பாத்து உக்காந்திருக்கற ஒரே ஒரு ஃபெட், ஹை-சைடு டிரைவர் தலைவலியே கிடையாது. இந்த ஃப்ரீக்வன்ஸில ஹாஃப்-பிரிட்ஜ் பண்ணணும்னு அடம்புடிக்கறவங்களை எனக்குப் புரியறதே இல்ல, மேல் ஃபெட்டுக்கு போற கேட் சிக்னலோட ஐசொலேட்டர் டிலேவும் அதோட ஜிட்டரும் மட்டுமே உங்க டெட்-டைமை (ரெண்டு ஃபெட்டும் ஆஃப்ல இருக்கற இடைவெளி) முழுங்கிரும்.

முதல்ல வோல்டேஜ் ஸ்ட்ரெஸ். 50 சதவீத டியூட்டில, அதாவது சைக்கிள்ல பாதி நேரம் ஃபெட் ஆன்ல இருந்தா, டிரெயின் பீக் வோல்டேஜ் சப்ளையைப் போல 3.56 மடங்கு போகும். 20 வோல்ட் கொடுத்தா 71 வோல்ட், அப்போ 100 வோல்ட் ஃபெட் போதும், லோடு கொஞ்சம் மாறினாலும் தாங்குற அளவுக்கு இடம் இருக்கு. 28 வோல்ட் கொடுத்தா நேரா 100ல போய் நிக்கும், அதனால 100 வோல்ட் ஃபெட்டை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கமே போகாதீங்க.

அடுத்தது காயில், இங்கதான் நிதானமா உக்காரணும். சீரிஸ் பக்கத்துக்கு ஒரு லோடட் க்யூ நீங்களே செலக்ட் பண்ணணும், அதாவது காயிலோட ரியாக்டன்ஸ் லோடு ரெசிஸ்டன்ஸை விட எத்தனை மடங்குன்னு. பழைய ஆர்எஃப் ஆளுங்க 10 வைப்பாங்க, அவங்களுக்கு சைன்வேவ் சுத்தமா வேணும். நமக்கு எஃபிசியன்சி வேணும். இதுல மனசுல வெச்சுக்க வேண்டிய கணக்கு ஒண்ணுதான்: காயில்ல வீணாப் போற பங்கு கிட்டத்தட்ட லோடட் க்யூவை காயிலோட சொந்த க்யூவால (காயிலோட ரியாக்டன்ஸ் அதோட சொந்த ரெசிஸ்டன்ஸை விட எத்தனை மடங்குங்கறது) வகுத்தா வர்றது. காயிலோட சொந்த க்யூ 200, லோடட் க்யூ 10னு வெச்சா 5 சதவீதம் காயில்லயே காலி, ஃபெட்டு கேட்டுன்னு பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. அதே இடத்துல லோடட் க்யூ 5ன்னா 2.5 சதவீதம். அதனால 5 எடுத்துக்கலாம், ஹார்மோனிக்ஸ் கொஞ்சம் கூடும், அதை பின்னாடி ஃபில்டர்ல பாத்துக்கலாம்.

இப்போ சோகல் ஃபார்முலால போட்டா என்ன வருதுன்னு பாருங்க. ஃபெட் பாக்க வேண்டிய லோடு ரெசிஸ்டன்ஸ், க்யூ எக்கச்சக்கமா இருக்கற ஐடியல் கேஸ்ல 0.577 பெருக்கல் வோல்டேஜ் ஸ்கொயர் வகுத்தல் பவர், அதாவது 11.5 ஓம். லோடட் க்யூ 5க்கு கரெக்‌ஷன் போட்டா 10.3 ஓம் ஆயிடும், இந்த 10 சதவீத கரெக்‌ஷனை விட்டுட்டு பண்ணா பவரும் வராது ஜீரோ வோல்டேஜும் வராது. எல்2 300 நானோஹென்றி பக்கம், சி2 150 பிகோஃபாரட், சோக் 2 மைக்ரோஹென்றி வெச்சா சி1 மொத்தமா 130 பிகோஃபாரட். சப்ளை கரண்ட் 1 ஆம்பியர், ஃபெட்ல பீக் கரண்ட் 2.9 ஆம்பியர் கிட்ட.

லோடு 50 ஓம், நமக்கு வேண்டியது 10.3 ஓம், நடுவுல ஒரு எல்-மேட்ச் (ரெசிஸ்டன்ஸை மாத்திக் காட்டுற காயில்-கெப்பாசிட்டர் ஜோடி) போடணும். சீரிஸா 20 ஓம் ரியாக்டன்ஸ் காயில், லோடுக்கு பேரலலா 25 ஓம் ரியாக்டன்ஸ் கெப்பாசிட்டர், அதாவது சுமார் 120 நானோஹென்றியும் 230 பிகோஃபாரடும். அந்த 120ஐ தனியா சுத்தாதீங்க, ஏற்கனவே இருக்கற 300 கூட சேத்து 420 நானோஹென்றிக்கு ஒரே காயிலா சுத்திருங்க. காயில் பெருசானதால ரியாக்டன்ஸ் 10.3 ஓமைப் போல 5 மடங்குல இருந்து 7 மடங்கு ஆச்சு, காயில் நஷ்டம் இப்போ 7ஐ 200ஆல வகுத்தது, 3.5 சதவீதம், 0.7 வாட். இதான் இந்த போர்டுலயே பெரிய நஷ்டம், ஃபெட் இல்ல.

காயிலை ஏர்-கோரா சுத்துங்க. ஃபெரைட் போடலாமான்னா, 27 மெகாஹெர்ட்ஸ்ல சாதாரண மாங்கனீஸ்-ஜிங்க் ஃபெரைட் எல்லாம் செத்துப் போயிரும், பெர்மியபிலிட்டி கம்மியான நிக்கல்-ஜிங்க்ல ஃபேர்-ரைட் 67 மாதிரி ஒரு சிலது உண்டு, மைக்ரோமெட்டல்ஸோட மஞ்சக் கலர் மிக்ஸ்-6 டொராய்டும் ஹாம் ரேடியோ ஆளுங்க கிட்ட ரொம்ப பேமஸ், ஆனா 400 நானோஹென்றிக்கு இதெல்லாம் தேவையே இல்ல. 9 மில்லிமீட்டர் டிரில் பிட்டோட ஷாங்க் மேல 1 மில்லிமீட்டர் எனாமல் வயரை 9 சுத்து சுத்தினா காயிலோட சராசரி விட்டம் 10 மில்லிமீட்டர் வரும், அதை 14.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்து விடுங்க, சுத்துக்கு சுத்து நடுவுல கொஞ்சம் காத்து இடைவெளி இருக்கணும். கணக்கு வேணும்னா வீலர் ஃபார்முலாவை மில்லிமீட்டருக்கு மாத்தினா இப்படி வரும்: விட்டம் ஸ்கொயர் பெருக்கல் சுத்து ஸ்கொயர், அதை 457 பெருக்கல் விட்டம் கூட்டல் 1016 பெருக்கல் நீளம்ங்கற மொத்தத்தால வகுங்க, விடை மைக்ரோஹென்றில. நீளத்தை இழுத்தா இண்டக்டன்ஸ் குறையும், நெருக்கினா கூடும், ட்யூனிங் டைம்ல இந்த வசதி தங்கம்.

லிட்ஸ் வயர் (தனித்தனியா எனாமல் பூசின மெல்லிய இழைகளை முறுக்கினது) வாங்கி காசை வேஸ்ட் பண்ணாதீங்க. இந்த ஃப்ரீக்வன்ஸில காப்பர்ல கரண்ட் மேல் தோல்ல 12.7 மைக்ரான் ஆழத்துலதான் ஓடுது, லிட்ஸோட ஒவ்வொரு இழையும் அதை விட தடியாத்தான் இருக்கும், சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல அது வெறும் காஸ்ட்லி கயிறு. தடியான ஒத்தைக் கம்பி, வழவழன்னு இருக்கற மேல்பரப்பு, அதுதான் இங்க வேலை செய்யும். பிசிபி டிராக்லயே சுத்தற பிளானர் காயில் பாக்க அழகா இருக்கும், ஆனா க்யூ 100ஐ தாண்டவே மூச்சு வாங்கும், அதுல எவ்ளோ போகும்னு மேல சொன்ன வகுத்தலைப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

காயில் முடிஞ்சது, இப்போதான் ஃபெட். நமக்கு டிரெயின்ல வேண்டிய மொத்த கெப்பாசிட்டன்ஸ் 130 பிகோஃபாரட். இதுல போர்டு 10, 15 தின்னுரும், சோக்கோட சொந்த கெப்பாசிட்டன்ஸ் ஒரு 2, 3 எடுத்துக்கும், மிச்சம் இருக்கற 110க்குள்ள ஃபெட் அடங்கணும், வெளிய சேக்க கொஞ்சம் இடமும் விட்டு வெக்கணும். ஏன்னா கம்மியா இருந்தா நீங்க கெப்பாசிட்டர் சேக்கலாம், அதிகமா இருந்தா வெட்டி எடுக்க முடியாது. ஆன் ரெசிஸ்டன்ஸ் 100 மில்லிஓம்னு வெச்சாலும் க்ளாஸ்-ஈல ஃபெட்டோட ஆர்எம்எஸ் கரண்ட் 1.54 ஆம்பியர், நஷ்டம் 0.24 வாட்தான். ஆசைப்பட்டு 30 மில்லிஓம் ஃபெட் போட்டா 0.17 வாட் மிச்சம் ஆகும், ஆனா டை பெருசு, கெப்பாசிட்டன்ஸ் மூணு மடங்கு, ஜீரோ வோல்டேஜ் ஸ்விட்ச்சிங் கைவிட்டுப் போய் பல வாட் நஷ்டம். ஆரம்பத்துல சொன்ன ஃபில்டர் விஷயம் இதுதான்.

டேட்டாஷீட்ல ஃபெட்டோட அவுட்புட் கெப்பாசிட்டன்ஸுக்கு சிஓஎஸ்எஸ்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், அது ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ்ல மட்டும் எடுத்தது. அந்த கெப்பாசிட்டன்ஸ் ஜீரோ வோல்ட் பக்கம் பயங்கரமா ஏறும், உயர் வோல்டேஜ்ல படுத்துரும், நேர்கோடு கிடையாது. அதனால கர்வைப் பாத்து ஜீரோல இருந்து 71 வோல்ட் வரைக்கும் மொத்த சார்ஜை எடுத்து 71ஆல வகுத்து ஒரு சராசரி வெச்சுக்கங்க, அதை வெச்சு ஆரம்பிச்சு சிமுலேஷன்ல மேனுஃபேக்சரர் மாடலைப் போட்டு சரி பண்ணுங்க.

இன்னொரு வில்லன் இருக்கு. ஜீரோ வோல்டேஜ்ல ஆன் பண்ணிட்டா கெப்பாசிட்டன்ஸ் நஷ்டம் ஜீரோன்னு புக்ல இருக்கும், ஆனா அந்த கெப்பாசிட்டன்ஸை சார்ஜ் பண்ணி டிஸ்சார்ஜ் பண்றதுலயே ஒரு பங்கு எனர்ஜி திரும்பி வராம போயிடுது. ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு டீம் 600 வோல்ட் கேலியம் நைட்ரைடு ஃபெட்டுகளை பல மெகாஹெர்ட்ஸ்ல, சாயர்-டவர் சர்க்யூட்டுங்கற 1930 காலத்து முறையை வெச்சு அளந்து 2018ல பேப்பர் போட்டாங்க, டேட்டாஷீட்டை வெச்சு கணக்குப் போட்டா தெரியற நஷ்டத்தை விட நிஜத்துல எவ்வளவோ அதிகம், ஃப்ரீக்வன்ஸி ஏற ஏற அதுவும் ஏறுது. சிமுலேஷன் மாடல்ல இது இருக்கவே இருக்காது. சிமுலேஷன்ல 96 சதவீதம் வந்து நிஜ போர்டுல ஃபெட் சூடாகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 100 வோல்ட் ரகத்துல பிரச்சனை கொஞ்சம் கம்மி, 650 வோல்ட் ஃபெட்டை சும்மா சேஃப்டிக்குன்னு தூக்கி வெக்காதீங்க.

கேட் பக்கம். கேட் சார்ஜ் பெருக்கல் கேட் வோல்டேஜ் பெருக்கல் ஃப்ரீக்வன்ஸி, இதுதான் டிரைவிங் நஷ்டம், இதுல சாஃப்ட் ஸ்விட்ச்சிங் எதையும் காப்பாத்தாது. 20 நானோகூலம், 10 வோல்ட் சிலிக்கான் ஃபெட்டுன்னா 5.4 வாட், மொத்த டிசைனும் குளோஸ். 1 நானோகூலம், 5 வோல்ட் கேலியம் நைட்ரைடுன்னா 0.14 வாட். இதனாலதான் இந்தப் பக்கம் எல்லாரும் கேலியம் நைட்ரைடுக்கு மாறிட்டாங்க. டிரைவருக்கு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட எல்எம்ஜி1020 மாதிரி 60 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஓடுறது கிடைக்குது, ஆனா அது அரிசிமணி சைஸ், சால்டரிங் அயர்ன் வேலைக்காகாது, ஹாட் பிளேட்டும் ஸ்டென்சிலும் வேணும். கேட்டுக்கு 6 வோல்ட்தான் லிமிட், நீங்க 5 வோல்ட்ல ஓட்டுறீங்க, ஓவர்ஷூட்டுக்கு ஒரே ஒரு வோல்ட் இடம், அதனால டிரைவரை கேட்டோட மூக்குல ஒட்டி வைங்க, நடுவுல 1, 2 ஓம் ரெசிஸ்டர் போட இடம் விடுங்க. சோர்ஸ்ல இருந்து டிரைவர் கிரவுண்டுக்கு போற பாதையும் மெயின் கரண்ட் பாதையும் ஒண்ணா சேரக்கூடாது.

க்ளாக் விஷயத்துல அதிர்ஷ்டம், 27.12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் சுலபமா கிடைக்கும், 13.56ல ஓடுற ஆர்எஃப்ஐடி ரீடர்ஸ்ல இதை ரெண்டால வகுத்து யூஸ் பண்றதால. டியூட்டியை அட்ஜஸ்ட் பண்ண ஆஸிலேட்டருக்கும் டிரைவருக்கும் நடுவுல ஒரு லாஜிக் கேட்டும் சின்ன ஆர்சி டிலேவும் வெச்சுருங்க, 45ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நகத்த முடியணும்.

கெப்பாசிட்டர் எல்லாம் சி0ஜி மட்டும், வேல்யூ மாறாத செராமிக் வகை அது. இன்னொரு செராமிக் வகையான எக்ஸ்7ஆர் ஒண்ணு தெரியாம உள்ள போச்சுன்னா அது வோல்டேஜுக்கு வேல்யூ மாறும், ஹீட் ஆகும், நீங்க காயிலைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க. சி2ல கிட்டத்தட்ட 2 ஆம்பியர் பீக் ஆர்எஃப் கரண்ட் ஓடுது, அதனால ஒரே 150 போடாம 47, 47, 56ன்னு மூணு பேரலலா போட்டா ஹீட்டும் பிரியும், ட்யூன் பண்றப்ப ஒண்ணை மாத்தி விளையாடவும் வசதி. காசு இருந்தா ஆர்எஃப் போர்சிலைன் கெப்பாசிட்டர், சில்வர் மைக்காவும் ஓகே.

போர்டு போடும்போது டிரெயின் நோடை சின்னதா வைங்க, அதுக்கு கீழ கிரவுண்ட் பிளேனை வெட்டி எடுத்துருங்க. நாலு லேயர் போர்டுல மேல் லேயருக்கும் அடுத்த லேயருக்கும் 0.2 மில்லிமீட்டர்தான் இடைவெளி, அங்க ஒரு சதுர சென்டிமீட்டர் காப்பர் வெச்சா 19 பிகோஃபாரட். நம்பர் பெருசுங்கறது ஒரு பக்கம், போர்டு மெட்டீரியலான எஃப்ஆர்4ஓட லாஸ் டேன்ஜென்ட் 0.02ங்கறதால அந்த கெப்பாசிட்டரோட க்யூ 50தான், நீங்க பாத்துப் பாத்து வாங்கின சி0ஜிக்கு பக்கத்துல ஒரு மட்டமான கெப்பாசிட்டரை போர்டே சேத்துவிடுது. காயிலுக்குக் கீழயும் காப்பர் வேணாம். வெளிய வைக்கற சி1 கெப்பாசிட்டர் ஃபெட்டை ஒட்டியே இருக்கணும், 1 சென்டிமீட்டர் தள்ளி வெச்சா நடுவுல இருக்கற டிராக் இண்டக்டன்ஸ் ஃபெட்டோட கெப்பாசிட்டன்ஸ் கூட சேந்து தனியா ரிங் அடிக்கும்.

எல்டிஸ்பைஸ்ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல போட்டு ஓட்டும்போது காயிலுக்கு க்யூல இருந்து வர்ற ரெசிஸ்டன்ஸ், ஃபெட் லெக்ல ஒரு 0.3 நானோஹென்றி, போர்டு கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் சேருங்க, டைம் ஸ்டெப் 50 பிகோசெகண்டுக்கு கீழ. ஐடியல் ஸ்விட்ச்ல ஒரு தடவை, நிஜ மாடல்ல ஒரு தடவை. ரெண்டும் கிட்ட கிட்ட இருந்தாப் போதும், டெசிமல்ல ஒத்துப்போகணும்னு அவசியம் இல்ல.

பவர் கொடுக்கறதுக்கு முன்னாடி நானோவிஎன்ஏ (இம்பீடன்ஸை ஃப்ரீக்வன்ஸி வாரியா அளக்கற சின்ன கருவி) ஒண்ணு கையில இருக்கணும், விலை கம்மி, இந்த வேலைக்கு அது போதும். ஃபெட்டை ஒட்டாம விட்டுட்டு லோடு மாட்டி டிரெயின் பேட்ல இருந்து சீரிஸ் பக்கம் மட்டும் பாருங்க, 27.12ல ரியல் 10 ஓம் பக்கமும், இண்டக்டிவா ஒரு 12 ஓம் பக்கமும் தெரியணும். அந்த இண்டக்டிவ் பகுதிதான் கரண்ட்டை பின்தங்க வெச்சு டிரெயின் கெப்பாசிட்டன்ஸைக் காலி பண்ணுது. ப்யூர் ரெசிஸ்டிவா தெரிஞ்சா இந்த சர்க்யூட்ல ஜீரோ வோல்டேஜ் வராது, காயிலை நெருக்குங்க. கெப்பாசிட்டிவா தெரிஞ்சா பவர் கொடுக்கவே கொடுக்காதீங்க.

முதல் பவர் 5 வோல்ட்ல, கரண்ட் லிமிட் 0.4 ஆம்பியர். சப்ளை வராம கேட் சிக்னல் மட்டும் ஓடலாம், கேட் சிக்னல் இல்லாம ஆன்ல மாட்டிக்கிட்டா சோக் வழியா சப்ளை ஷார்ட். 5 வோல்ட்ல வேவ்ஃபார்ம் அசிங்கமாத்தான் இருக்கும், பயந்து எதையும் மாத்தாதீங்க, குறைஞ்ச வோல்டேஜ்ல ஃபெட் கெப்பாசிட்டன்ஸ் அதிகம்ங்கறதால சி1 கூடிப்போன மாதிரி நடந்துக்கும். 10, 15னு ஏத்த ஏத்த டிரெயின் வளைவு தானா கீழ வந்து உக்காரும். ஒவ்வொரு படிலயும் ஃபெட் டெம்பரேச்சரை தெர்மல் கேமராவுல பாருங்க. காயிலை மட்டும் தொட்றாதீங்க, 20 வோல்ட் சப்ளைதானேன்னு தோணும், ஆனா அந்தக் காயில் மேல 140 வோல்ட் பீக் ஆர்எஃப் நிக்குது, சுட்டா ஷாக் அடிச்ச மாதிரியே தெரியாது, தோல் வெள்ளையா வெந்த பிறகுதான் தெரியும்.

ஸ்கோப் ப்ரோப் பத்தி தனியா சொல்லணும். சாதாரண 10 மடங்கு ப்ரோப்ல 10 பிகோஃபாரட் இருக்கு, 130ல 10 சேந்தா 8 சதவீதம், அதாவது நீங்க ப்ரோபோட சேத்து ட்யூன் பண்ணிட்டு ப்ரோபை எடுத்தா ட்யூனிங் போயிடும். அந்த முதலை வாய் கிரவுண்ட் வயர் 100 நானோஹென்றிக்கு மேல, அது ப்ரோப் கெப்பாசிட்டன்ஸோட சேந்து 160 மெகாஹெர்ட்ஸ் கிட்ட ரிங் அடிக்கும், உங்க ஆறாவது ஹார்மோனிக் பக்கத்துலயே, இல்லாத ரிங்கிங்கைப் பாத்து அதை அடக்க ஸ்னப்பர் சர்க்யூட் போட ஆரம்பிச்சிருவீங்க. அந்த வயரைக் கழட்டி எறிஞ்சுட்டு முனையில மாட்டுற ஸ்ப்ரிங் கிரவுண்ட் போடுங்க. இதை விட நல்ல வழி போர்டுலயே நிரந்தரமா ஒரு டேப்: டிரெயின்ல இருந்து மூணு சின்ன ரெசிஸ்டர் சீரிஸா, மொத்தம் 5 கிலோஓம் பக்கம், அங்க இருந்து 50 ஓம் கோஆக்ஸ், ஸ்கோப்ல 50 ஓம் இன்புட். நூத்துல ஒரு பங்கு சிக்னல் கிடைக்கும், கால் வாட் மாதிரி இதுல வீணாகும், டிரெயினுக்கு கெப்பாசிட்டன்ஸ் சுமை கிட்டத்தட்ட இல்ல. அப்புறம் ப்ரோப் மேனுவல்ல இருக்கற டீரேட்டிங் கர்வை ஒரு தடவை பாத்துருங்க, 300 வோல்ட்னு மேல எழுதியிருக்கறது லோ ஃப்ரீக்வன்ஸிக்கு.

இப்போ ட்யூனிங். டிரெயின் வேவ்ஃபார்ம்ல மேல ஏறி இறங்கி வர்ற மலைக்கு வலது பக்கம் ஒரு பள்ளம் வரும், அந்தப் பள்ளம் சரியா ஆன் ஆகுற நேரத்துல சரியா ஜீரோல இருக்கணும், அவ்ளோதான் விஷயம். சோகல் இதுக்கு அருமையான ஒரு வழி கொடுத்திருக்கார்: சி1ஐக் கூட்டினா பள்ளம் மேலயும் வலது பக்கமும் நகரும். சி2ஐக் கூட்டினாலும் எல்2ஐக் கூட்டினாலும் கீழயும் வலது பக்கமும் நகரும். லோடு ரெசிஸ்டன்ஸைக் கூட்டினா நேரா மேல போகும். அதனால பள்ளம் ஜீரோவைத் தொடாம 15 வோல்ட்ல தொங்குது, அங்க இருந்து செங்குத்தா விழுதுன்னா காயிலை பிளாஸ்டிக் குச்சியால கொஞ்சம் நெருக்குங்க, ஸ்க்ரூடிரைவரால இல்ல, மெட்டல் கிட்ட போனாலே இண்டக்டன்ஸ் மாறும். பள்ளம் சீக்கிரமே வந்து ஜீரோவுக்குக் கீழ போய் மைனஸ் 2 வோல்ட்ல தட்டையா ஒரு படி தெரியுதுன்னா ஃபெட் ரிவர்ஸ்ல கண்டக்ட் பண்ணுது, கேலியம் நைட்ரைடுல அந்த டிராப் சிலிக்கானை விட அதிகம், சி1ல ஒரு 5, 10 பிகோஃபாரட் சேருங்க, இல்ல டியூட்டியைக் கூட்டி சீக்கிரமே ஆன் பண்ணுங்க. முழுசா பர்ஃபெக்ட் வளைவுக்கு அலைய வேணாம், 2, 3 வோல்ட் மிச்சத்துல ஆன் ஆனா நஷ்டம் சொற்பம், நஷ்டம் வோல்டேஜ் ஸ்கொயர்ல போறதால 15 வோல்ட்தான் வலிக்கும்.

எஃபிசியன்சியை ஸ்கோப்ல வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி எடுக்காதீங்க, 27 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு ப்ரோபுக்கும் நடுவுல 1 நானோசெகண்ட் டிலே வித்தியாசம் இருந்தா 10 டிகிரி ஃபேஸ், ரியாக்டிவா இருக்கற இடத்துல அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, 104 சதவீதம்லாம் வரும். நம்பகமான வழி ஹீட்: 50 ஓம் டம்மி லோடை ஓட்டி டெம்பரேச்சர் நிலைச்ச பிறகு நோட் பண்ணுங்க, அப்புறம் அதே லோடுக்கு டிசி கொடுத்து அதே டெம்பரேச்சர் வர்ற வரைக்கும் ஏத்துங்க, 20 வாட்டுக்கு 31.6 வோல்ட் டிசி வரும். அந்த டிசி வாட்தான் உங்க ஆர்எஃப் வாட். மெதுவான வேலை, டீ குடிச்சுட்டு வரலாம், ஆனா பொய் சொல்லாது. காயில் 0.7, ஃபெட் 0.24, கேட் 0.14, கெப்பாசிட்டர் சோக் எல்லாம் சேத்து ஒரு 0.3, சிஓஎஸ்எஸ் கொஞ்சம்னு கூட்டிப் பாத்தா 90ஐ தாண்டி வரணும். வரலைன்னா தெர்மல் கேமராவுல எது வெள்ளையா தெரியுதோ அங்க போங்க.

ஃபெட் கெப்பாசிட்டன்ஸ் 130க்குள்ள அடங்கவே இல்லைன்னா சோக்கை சின்னதாக்குங்க. 2 மைக்ரோஹென்றி சோக்குக்கு பதிலா 117 நானோஹென்றி போட்டு அதையும் ரெசனன்ஸ்ல சேத்துக்கற டிசைன் உண்டு, அதே 20 வோல்ட் 20 வாட்டுக்கு சி1 147 பிகோஃபாரட் வரைக்கும் போகலாம், லோடு ரெசிஸ்டன்ஸும் 27 ஓம் ஆயிடும், 50க்கு மேட்ச் பண்றது ஈஸி. பீக் வோல்டேஜ் 3.65 மடங்கு, கொஞ்சம் கூட. அந்தக் காயில்லயும் ஆர்எஃப் கரண்ட் ஓடுதுங்கறதால அதுக்கும் நல்ல க்யூ வேணும்.

பீக் வோல்டேஜ்தான் பிரச்சனைன்னா, அதாவது சப்ளை 40 வோல்ட்னா, டிரெயினுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெண்டாவது ஹார்மோனிக்குக்கு ட்யூன் பண்ண ஒரு சீரிஸ் எல்சியை வெக்கற ஃபை-2 இன்வெர்ட்டர் பக்கம் போங்க. அது 54.24 மெகாஹெர்ட்ஸை ஷார்ட் பண்ணிடுறதால டிரெயின் வேவ்ஃபார்ம் மலை மாதிரி இல்லாம மேசை மாதிரி தட்டையாகும், பீக் ரெண்டு மடங்கு சொச்சத்துல நிக்கும். எம்ஐடில ஹுவான் ரிவாஸ், டேவிட் பெரோ டீம் இதை 30 மெகாஹெர்ட்ஸ்ல 500 வாட்டுக்கு மேல, 92 சதவீதத்துக்கு மேல எஃபிசியன்சில ஓட்டி 2008ல பேப்பர் போட்டாங்க. ட்யூனிங் க்ளாஸ்-ஈயை விட தலைவலி, டிரெயின் இம்பீடன்ஸை விஎன்ஏல பாத்து ஃபண்டமென்டல்ல இண்டக்டிவா, ரெண்டாவதுல கிட்டத்தட்ட ஷார்ட்டா, மூணாவதுல கெப்பாசிட்டிவா ஃபண்டமென்டலை விட சில டெசிபல் கீழ இருக்கற மாதிரி வெக்கணும். முதல் போர்டுக்கு இது வேணாம்.

டிசி-டிசி வேணும்னா 50 ஓம் இடத்துல ரெசனன்ட் ரெக்டிஃபையர் வரும், டயோடோட கெப்பாசிட்டன்ஸையும் அதே மாதிரி காயிலோட சேத்து முழுங்கற டிசைன், இன்வெர்ட்டருக்கு அது ஒரு ரெசிஸ்டர் மாதிரி தெரியணும். ரெகுலேஷனுக்கு டியூட்டியை மாத்தாதீங்க, ஜீரோ வோல்டேஜ் போயிடும். மொத்த கன்வெர்ட்டரையும் சில நூறு கிலோஹெர்ட்ஸ்ல ஆன் ஆஃப் பண்ணுங்க, ஓடும்போது எப்பவும் ட்யூன் பண்ண அதே பாயிண்ட்ல ஓடும், ஆஃப்ல ஒண்ணும் ஓடாது. அதனால லைட் லோடுலயும் எஃபிசியன்சி பெருசா விழாது. இன்புட் அவுட்புட் கெப்பாசிட்டரை மட்டும் அந்த சில நூறு கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு கணக்குப் போட்டு வைக்கணும்.

கடைசியா பெட்டி. 27.12 ஐஎஸ்எம் பேண்ட் (இண்டஸ்ட்ரி, சயின்ஸ், மெடிக்கல் கருவிகளுக்கு ஒதுக்கினது), ரெண்டு பக்கமும் 163 கிலோஹெர்ட்ஸ் இடம் இருக்கு, ஆன்-ஆஃப் பண்ணும்போது பக்கத்துல முளைக்கற சைடுபேண்டுகள் இதைத் தாண்டிப் போகும், ஹார்மோனிக்ஸ் 81, 108னு எஃப்எம் ரேடியோ பக்கம் போகும், அதனால லோ-பாஸ் ஃபில்டரும் மெட்டல் மூடியும் கட்டாயம். மூடியை காயிலுக்கு ஒரு விட்டமாவது தள்ளி வைங்க, கிட்ட வந்தா இண்டக்டன்ஸும் குறையும் க்யூவும் குறையும். மூடி போட்ட பிறகு பள்ளம் மேல ஏறியிருக்கும், அதனால காயிலுக்கு நேர் மேல மூடில 6 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு முன்னாடியே போட்டு வெச்சா, பிளாஸ்டிக் குச்சியை அது வழியா விட்டு கடைசி அட்ஜஸ்ட்மென்ட் பண்ணிட்டு காயில் மேல ஒரு சொட்டு மெழுகோ க்யூ-டோப்போ (காயிலுக்குப் பூசற வார்னிஷ்) விட்டு ஃபிக்ஸ் பண்ணிரலாம், ஃபெவிக்விக் போட்டீங்கன்னா அடுத்த தடவை அசைக்க முடியாது.